மிஸ் அடித்து நின்றுபோகும் கார் இன்ஜின்: பாகம் வாங்கும் முன் பழுதைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உதறுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி இடித்து இடித்துப் போகிறது. சிக்னலில் நிறுத்தினால் ஆஃப் ஆகிவிடுகிறது. இதை யாரிடம் சொன்னாலும் பதிலாக ஒரு பாகத்தின் பெயர்தான் வரும். ஒருவர் பிளக் என்பார், ஒருவர் காயில் என்பார், இன்னொருவர் பெட்ரோல் பம்ப் என்று அடித்துச் சொல்வார். மூன்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், மூன்றுமே இல்லாமலும் போகலாம்.

என் முதல் காரில் மூன்றாம் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனர் காட்டியது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை வாங்கிப் போட்டேன். சரியாகவில்லை. நான்கு பிளக்கையும் மாற்றினேன், அப்புறம் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் மாற்றினேன். உதறல் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், மூன்றாம் சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயோடு சேர்ந்திருந்த ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் அடிப்பக்கம் வெடித்திருந்தது. விரல் நீளம்கூட இல்லாத ஹோஸ். மூன்று பாகங்களுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தேவைப்பட்டிருக்காது. அன்றிலிருந்து, பழுது இதுதான் என்று வண்டியே காட்டாத வரை நான் எந்தப் பாகத்தையும் வாங்குவதில்லை. அதை எப்படிக் காட்டவைப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இது ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள பெட்ரோல் கார்களுக்கு. டீசல் இன்ஜினில் பிளக் பொறியே கிடையாது, அதைத் தேடும் வழியும் வேறு.

தொடங்கும் முன்

ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் ஓரிரு முறை மிதிக்கும் அளவுக்குத்தான் மிச்சம் இருக்கும். அதனால் அடிக்கடி நிற்கும் வண்டியைச் சோதனைக்காக நெரிசலான சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். நின்றுவிட்டால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதித்து ஓரம் கட்டுங்கள்.

காயிலில் இருந்து வரும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட். பல வண்டிகளில் 20,000 வோல்ட்டைத் தாண்டும். இன்ஜின் ஓடும்போது பிளக் வயரையோ காயிலையோ கையால் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். ஷாக் அடிப்பது ஒருபுறம். போக இடமில்லாத அந்த மின்சாரம் காயிலையே கெடுக்கும், சில வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டரையும் கெடுக்கும். கதவு சாத்திய கராஜில் இன்ஜினை ஓட்டாதீர்கள். பெட்ரோல் லைனைத் திறக்கும் வேலை என்றால் பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

இன்னொன்று. செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வரை ஓட்டலாம். விட்டு விட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று அர்த்தம். அது உருகி அடைத்துக்கொண்டால், ஒரு பிளக்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகிவிடும்.

மிஸ் என்றால் என்ன நடக்கிறது

சிலிண்டருக்குள் வெடிப்பு நடக்க நான்கு விஷயம் வேண்டும்: சரியான அளவு காற்று, சரியான அளவு பெட்ரோல், நல்ல கம்ப்ரஷன் (கலவை நெருக்கப்படும் அழுத்தம்), சரியான நேரத்தில் பொறி. ஒன்று குறைந்தாலும் அந்தச் சுற்றில் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது, இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 தடவை வெடிக்க வேண்டும். ஒரு சிலிண்டர் முழுதாகச் செத்திருந்தால் விநாடிக்கு ஆறேழு முறை அந்த வெற்றிடம் வரும். சீட்டில் உட்கார்ந்தால் தெரியும் ஒழுங்கான உதறல் அதுதான். ஒழுங்கே இல்லாமல் எப்போதாவது ஒரு துள்ளல் என்றால், பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ் ஆகிறது, அல்லது ஒன்றில் விட்டு விட்டு ஆகிறது.

கம்ப்யூட்டர் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. காயிலையோ இன்ஜெக்டரையோ பார்த்து அது முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் வேகம் கொஞ்சம் ஏறும். எந்தச் சிலிண்டரின் முறையில் அந்த ஏற்றம் வரவில்லையோ, அதன் பெயரில் மிஸ் என்று குறித்துக்கொள்கிறது. அதாவது எந்தச் சிலிண்டர் என்று அதற்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. ஸ்கேனரில் மூன்றாம் சிலிண்டர் என்று வந்தால், புகார் மூன்றாம் சிலிண்டரில் இருந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் வேலை: எப்போது என்று எழுதுங்கள்

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். பழுது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று இரண்டு மூன்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த வேலையிலும் அதிகப் பலன் தரும் பகுதி இதுதான். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போவதும் இதைத்தான்.

காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் உதறி, சூடானதும் சரியாகிறதா? குளிரில் சுருங்கி வழிவிடும் ரப்பர் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட், தவறான அளவு சொல்லும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் வால்வில் படிந்த கார்பனும் காரணமாகலாம். ஸ்டார்ட் செய்த முதல் நிமிடம் மட்டும் உதறி, கூடவே வெள்ளைப் புகையும் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஹெட் கேஸ்கெட் வழியாக இரவில் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறதா என்று முதலில் பாருங்கள்.

நன்றாகச் சூடான பிறகு நின்று, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறதா? இது கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் அடையாளம். சூட்டில் அதன் உள்ளே இருக்கும் சுருள் தொடர்பை இழக்கும், ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். தேய்ந்துபோன பெட்ரோல் பம்ப்பும் காயிலும் இதே மாதிரி நடந்துகொள்வது உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

மழை நாளிலும் வண்டியைக் கழுவிய பிறகும் மட்டும் மிஸ் என்றால் பிளக் வயரில், அல்லது காயிலின் அடியில் பிளக்கை மூடும் ரப்பர் உறையில் (பூட்) விரிசல். ஏற்றம் ஏறும்போதும் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதும் மட்டும் என்றால் பொறி பலவீனம், அல்லது பெட்ரோல் போதவில்லை. சுமை ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். ஐடிலில் தப்பித்துக்கொள்ளும் அரைகுறைக் காயில் ஏற்றத்தில் மாட்டிக்கொள்வது அதனால்தான். கேஸிலும் பெட்ரோலிலும் ஓடும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேஸுக்குப் பொறி இன்னும் வலுவாக வேண்டும் என்பதால், பிளக்கும் காயிலும் தேயத் தொடங்கினால் முதலில் கேஸில்தான் தெரியும். இரண்டிலும் ஒரே மாதிரி மிஸ் ஆனால் பெட்ரோல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் சந்தேகப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளிவிடலாம்.

ஐடிலில் மட்டும் உதறி, ரேஸ் செய்தால் சரியாகிறது என்றால் எங்கோ ஏர் லீக், அல்லது எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு மூடாமல் திறந்தே நிற்கிறது. ஏசி போட்டதும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்ததும் நின்றுபோகிறது என்றால், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி அழுக்கு. பெட்ரோல் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது என்றால் டேங்க்கின் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடுவதில்லை. இது எனக்குப் பிடித்த அறிகுறி. இவ்வளவு தெளிவாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் பழுது வேறு இல்லை.

அப்புறம், எப்படி நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். சாவியைத் திருப்பி ஆஃப் செய்ததுபோல் பட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம்: கிராங்க் சென்சார், ரிலே, இக்னிஷன் ஸ்விட்ச், வயர். திணறி, இழுத்து, உதறி, உயிரை விடுவதுபோல் நின்றால் பெட்ரோல் பக்கம் அல்லது காற்றுப் பக்கம்.

பானெட்டைத் திறந்து கண்ணால் பார்ப்பது

ஏர் ஃபில்டரில் இருந்து த்ராட்டில் பாடி வரை போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயை முழுதாக வளைத்துப் பாருங்கள். விரிசல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். சின்ன வேக்குவம் ஹோஸ்களின் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். கல்போல் இறுகியிருந்தால், அல்லது தொளதொளவென்று கழன்று வந்தால், அவை சந்தேகத்துக்கு உரியவை. என்னைப்போல் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் இருந்தால் அடிப்பக்கமும் தெரியும்.

எலி கடித்த வயர் இருக்கிறதா? பேட்டரி முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா? இன்ஜினில் இருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர் பச்சை பூத்திருக்கிறதா? மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியை அளந்துகொள்ளுங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரையிலும் இருந்தால் பொதுவாகச் சரி. இதைவிடக் குறைந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். வோல்ட்டேஜ் போதாதபோது காயிலும் பம்ப்பும் சென்சாரும் எல்லாமே கெட்டதுபோல் நடிக்கும்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

டாஷ்போர்டுக்குக் கீழே, ஸ்கேனரை மாட்டும் 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் விற்ற கார்களில் 1996 முதலும், ஐரோப்பாவில் விற்ற பெட்ரோல் கார்களில் 2001 முதலும் இது கட்டாயமானது. மற்ற பல நாடுகளில் பின்னால் வந்தது. ப்ளூடூத்தில் கைபேசியோடு பேசும் சின்ன ஸ்கேனரே நமக்குப் போதும், ஆனால் பழுதின் குறியீடான கோடை (code) மட்டும் காட்டாமல் நேரலை அளவுகளையும் காட்டுவதாக இருக்க வேண்டும்.

கோடை அழிக்கும் முன் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கோடோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்று பதிவாகியிருக்கும். பழுது வந்த அந்த நொடியில் வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன, கூலன்ட் சூடு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் தாளில் எழுதிய கேள்விக்கு வண்டியே எழுதிவைத்த பதில் அது. கோடை அழித்தால் அதுவும் போய்விடும்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ், பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் ஒரு சிலிண்டரோடு நிற்காமல் பரவலாக மிஸ். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, பி0172 என்றால் அதிகம். பி0335 என்றால் கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் பழுது, பி0340 என்றால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் சென்சார் மின்சுற்றில் பழுது. பி0016 என்றால் கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டிருக்கலாம், பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். இந்தக் கடைசிக் கோடு வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கண்ணி இருக்கிறது. மிஸ் ஆகும் சிலிண்டரில் பெட்ரோலோடு காற்றும் எரியாமல் வெளியே வரும். ஆக்சிஜன் சென்சார் பார்ப்பது மிஞ்சிய ஆக்சிஜனை மட்டுமே. உடனே, கலவையில் பெட்ரோல் குறைவு என்று தகவல் சொல்லிவிடும். ஆகவே பி0171ம் பி0303ம் சேர்ந்து வந்தால், எது காரணம் எது விளைவு என்று கோடை வைத்துச் சொல்ல முடியாது. ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அதை மாற்றுபவர்கள் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு சிலிண்டர் மட்டும் என்றால்: இடம் மாற்றும் சோதனை

கோடு தெளிவாக இல்லாவிட்டால் முதலில் எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டராகக் கழற்றி மாட்டுங்கள். வேலை செய்யும் சிலிண்டரைக் கழற்றினால் உதறல் கூடும். எதைக் கழற்றியும் மாற்றம் இல்லையோ அதுதான் செத்த சிலிண்டர். இன்ஜெக்டரைக் கழற்றுவதால் அந்த நேரத்தில் பெட்ரோல் போகாது, கன்வெர்ட்டரும் தப்பிக்கும். கனெக்டர் கைக்கு எட்டாத வண்டிகளில் இதை விட்டுவிடுங்கள். டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியிலும் செய்ய வேண்டாம்.

சரி, மூன்றாம் சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது. இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, மூன்றாவதின் காயிலை எடுத்து இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவதின் காயிலை மூன்றாவதில் போடுங்கள். கோடை அழித்துவிட்டு, பழுது வழக்கமாக வரும் அதே சூழ்நிலையில் ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0302 வந்தால் மிஸ் காயிலோடு இடம் மாறியிருக்கிறது. அதை மாற்றலாம், யோசிக்கவே வேண்டாம். பி0303 அப்படியே இருந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதே மாதிரி மாற்றுங்கள். அதற்கு அடுத்து, எளிதாகக் கழற்ற முடிந்தால் இன்ஜெக்டரை. காசு செலவில்லாத, கருவியும் அதிகம் தேவைப்படாத இந்தச் சோதனையைவிட நம்பகமான ஒன்றை ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு நான் சொல்லமாட்டேன். மல்டிமீட்டரில் காயிலின் ரெசிஸ்டன்ஸை அளப்பதைவிட இது மேல். அளவு சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் கைவிடும் காயில்கள் உண்டு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால், மிஸ் இடம் மாறினாலும் எதோடு மாறியது என்று தெரியாது.

பிளக்கைக் கழற்றும்போது அதன் முனையைப் படித்துப் பாருங்கள். வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நல்ல அறிகுறி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிறது, அல்லது பொறி பலவீனம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் பக்கம் பாருங்கள். சுண்ணாம்புபோல் வெளுத்துக் கொப்புளம் இருந்தால் பெட்ரோல் குறைவு, சூடு அதிகம். மற்ற மூன்று பிளக்கையும் பக்கத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் தெரியாத வித்தியாசம் வரிசையில் பளிச்சென்று தெரியும். வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கீறியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அதன் வழியாகப் பொறி தப்பி ஓடுகிறது. அந்தப் பிளக்கையும் அதன் மேலுள்ள ரப்பர் பூட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிளக் உட்காரும் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறது. அதைச் சரி செய்யாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் ஊறிப்போகும்.

அலுமினியம் ஹெட் உள்ள இன்ஜினில் சூட்டோடு பிளக்கைக் கழற்றாதீர்கள், மரை உரிந்துகொண்டு வந்துவிடும். மாட்டும்போது முதல் சில சுற்றுகள் கையால்தான். பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி அதைச் சுழற்றினால், மரை பிசகும்போது குழாய் வழுக்கிவிடும், சேதம் ஆகாது. இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல சிலிண்டர் மிஸ் என்றால்: ஃப்யூயல் ட்ரிம்

இது எண்களின் வேலை. பயந்துவிட வேண்டாம், இரண்டே எண்கள்தான். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். அந்த நொடியின் சரிக்கட்டல் ஷார்ட் டெர்ம் ட்ரிம், நாள்பட்ட சரிக்கட்டல் லாங் டெர்ம் ட்ரிம். இரண்டையும் கூட்டுங்கள். பூஜ்ஜியத்துக்கு மேலோ கீழோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. கூட்டல் 20 என்றால், பெட்ரோல் போதாமல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கிறது.

இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் நிறுத்தி மறுபடி பாருங்கள். ஐடிலில் 20 இருந்தது 2,500ல் 3 அல்லது 4 ஆக இறங்கினால் அது ஏர் லீக். ஓட்டை வழியாக வரும் காற்று ஐடிலில் பெரிய பங்கு, வேகம் கூடும்போது மொத்தக் காற்றில் அது கரைந்துபோகும். மாறாக ஐடிலில் நன்றாக இருந்து, சுமை ஏற ஏற எண் கூடினால் பெட்ரோல் பம்ப்பால் கொடுக்க முடியவில்லை, ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் அழுக்கு. எம்ஏஎஃப் சென்சாரை அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். துணியோ பட்ஸோ பட்டால் அந்த மெல்லிய கம்பி போய்விடும். எண் பெரிய கழித்தலில் இருந்தால் எங்கோ பெட்ரோல் அதிகமாக வருகிறது: ஒழுகும் இன்ஜெக்டர் அல்லது திறந்தே நிற்கும் பர்ஜ் வால்வு.

எம்ஏஎஃப் இல்லாமல், இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் வைத்து ஓடும் வண்டிகளில் இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. ஓட்டை வழியாக வரும் காற்றையும் மேப் சென்சார் உணர்ந்துவிடும் என்பதால், ட்ரிம் பெரிதாக மாறாமல் ஐடில் மட்டும் ஏறி நிற்கும். என் வண்டி அந்த வகை. ட்ரிம் எண்களைப் பார்த்து ஏர் லீக் இல்லை என்று நான் முடிவு கட்டியதும் அதனால்தான்.

ஏர் லீக்கைக் கண்டுபிடிக்கக் காதுதான் முதல் கருவி. ஒரு ஹோஸ் துண்டைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்புகள் மேல் நகர்த்தினால் உஸ் என்ற சத்தம் கேட்கும். சுழலும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் தள்ளியே நில்லுங்கள். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து இன்டேக் இணைப்புகளில் மெல்லியதாகத் தெளித்தும் பார்க்கலாம். ஓட்டை உள்ள இடத்தில் ஐடில் ஒரு நொடி மாறும். காயில் பக்கம் தெளிக்காதீர்கள். கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் எரியும் திரவத்தைத் தெளிக்கும் வேலையைப் புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் புகை இயந்திரம் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். இன்டேக்குக்குள் புகையை விட்டால் ஓட்டை தானே காட்டிக்கொடுக்கும்.

நின்றுபோவது மட்டும்தான் பிரச்சினை என்றால்

மிஸ் பெரிதாக இல்லை, ஆனால் நின்றுபோகிறது. நின்ற பிறகு ஸ்டார்ட் ஆகாமல் இருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் பொன்னான நேரம். வண்டி பாதுகாப்பான இடத்தில் இருந்தால், தள்ள ஆள் கூப்பிடும் முன் இவற்றைப் பாருங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் எவ்வளவு? இன்ஜின் சுற்றும்போது 150 முதல் 300 வரை ஏதாவது ஓர் எண் வர வேண்டும். கண்ணெதிரே இன்ஜின் சுற்றியும் பூஜ்ஜியம் என்றால் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயர். அந்தச் சிக்னல் இல்லாமல் கம்ப்யூட்டர் பொறியும் தராது, பெட்ரோலும் தராது. எண் வருகிறது என்றால் சாவியை ஆஃப் செய்து, மீண்டும் ஆன் செய்து, பின்சீட் பக்கம் காது கொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் இரண்டு விநாடி முனகிவிட்டு நிற்கும். முனகல் இல்லையென்றால் ஃப்யூஸ் பாருங்கள், அடுத்து ரிலே. ஹார்னுக்கும் பம்ப்புக்கும் ஒரே வகை ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

முனகல் கேட்பதால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. சத்தம் இருக்கும், அழுத்தம் இருக்காது. சாதாரண இன்ஜெக்ஷன் வண்டிகளில் பல 3 முதல் 4 பார் அழுத்தத்தில் ஓடும். அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டித்தான் அதை உறுதி செய்ய முடியும், அதுவும் சாலையில் சுமையோடு ஓடும்போது. டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியின் உயர் அழுத்த லைனில் ஐடிலிலேயே இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். அதை வீட்டில் திறக்கவே கூடாது.

செல்ஃப் அடிக்கும்போது வழக்கமான தடங்கல் எதுவும் இல்லாமல் மோட்டார் போல் விர்ரென்று சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், மேலும் சுற்றினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும். ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் நின்று, சாவி படம் போட்ட விளக்கு மின்னினால், சாவியை அடையாளம் தெரியாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத இம்மொபிலைசர். வேறு சாவியில் முயன்று பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பல வண்டிகளில் அப்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும், நனைந்த பிளக் காயும்.

ஐடிலில் மட்டும் நிற்பது என்றால் த்ராட்டில் பாடியைக் கழற்றிப் பாருங்கள். தகட்டின் விளிம்பில் கரி வளையம் இருந்தால் அதற்கான கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். மின்சார த்ராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளக் கூடாது. துடைத்த பிறகு சில வண்டிகளில் ஐடில் தாறுமாறாக இருக்கும், புதிய நிலையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் முறை கையேட்டில் இருக்கும்.

இவ்வளவுக்கும் பிடிபடாத, எப்போதாவது மட்டும் வரும் பழுது பெரும்பாலும் வயரிலும் கனெக்டரிலும் இருக்கும். இன்ஜினை ஐடிலில் விட்டு வயர்க் கட்டுகளை ஒவ்வோர் இடமாக மெதுவாக அசையுங்கள். எங்கே அசைத்தால் இன்ஜின் தடுமாறுகிறதோ அங்கே தேடுங்கள்.

கம்ப்ரஷன், கன்வெர்ட்டர்

காயில், பிளக், இன்ஜெக்டர், காற்று எல்லாம் சரி என்று உறுதியான பிறகும் ஒரே சிலிண்டர் மிஸ் ஆனால் கம்ப்ரஷன் பாருங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, கேஜை மாட்டி ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். ஒவ்வொன்றின் அளவைவிட அவற்றுக்குள் உள்ள வித்தியாசம் முக்கியம். ஒன்று மற்றதைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் இடையில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இதற்கு மேல் வீட்டில் செய்யும் வேலை இல்லை.

ஸ்டார்ட் ஆகி, போகப் போகப் பிக்கப் குறைந்து, வேகமே எடுக்காமல் நின்றுபோகிறது என்றால் கன்வெர்ட்டர் அடைப்பையும் நினைவில் வையுங்கள். அது தானாக அடைவது அரிது. அதை உருக்கிய மிஸ்ஸைச் சரி செய்யாமல் புதிதாகப் போட்டால் புதியதும் போகும்.

சரி செய்த பிறகு

கோடை அழித்துவிட்டு, முதல் நாள் தாளில் எழுதிய அதே சூழ்நிலையில் ஓட்டுங்கள். சூடான பிறகு நின்ற வண்டி என்றால் நன்றாகச் சூடாகும் வரை, ஏற்றத்தில் இடித்த வண்டி என்றால் அதே ஏற்றத்தில். விளக்கு எரியவில்லை என்பதோடு விட்டுவிடாமல் ஸ்கேனரில் பெண்டிங் கோடுகளையும் பாருங்கள். விளக்கு எரியும் அளவுக்கு இன்னும் உறுதியாகாத பழுதுகளை வண்டி அங்கேதான் எழுதிவைக்கும். ஃப்யூயல் ட்ரிம்மையும் இன்னொரு முறை குறித்துக்கொள்ளுங்கள், நல்ல நிலையில் உங்கள் வண்டியின் எண் என்ன என்பது அடுத்த முறை ஒப்பிட உதவும். பழுது திரும்பி வந்து மெக்கானிக்கிடம் போக நேர்ந்தால் அந்தத் தாளையும் கூடவே கொடுங்கள். எந்தச் சூழ்நிலையில் வருகிறது, என்ன கோடு வந்தது, எதை எங்கே மாற்றிப் போட்டும் இடம் மாறவில்லை என்ற மூன்றும் அதில் இருந்தால், அவர் ஆரம்பத்தில் இருந்து தேட வேண்டியதில்லை.